ஆறாம் எண்ணில் இருபது நாள்

முப்பது என்று விழுந்துவிட்டது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. அதன் சின்னக் கண்ணாடியில் இனி நிமிடத்துக்கு ஒன்றாக எண் குறையும், பூஜ்யத்துக்கு வந்ததும் கீ என்று ஒரு சத்தம் கொடுக்கும், ஆஸ்பத்திரிப் பெண் பெனிட்டா வந்து என் இடது காதில் மாட்டிய கிளிப்பைக் கழற்றுவாள், இருபதாவது நாளும் முடிந்துவிடும். அதற்கு மேல் இல்லை. பத்தாவது நாள் டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். "இருபது முடியட்டும் ஐயா, பார்ப்போம். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. இதுவும் கேக்கலைன்னா வலியோட இருக்கப் பழகிக்கிறதுதான்." பழகிக்கொள்வது. மூன்று வருஷம் நான்கு மாதமாக நான் வேறு என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரிங்கம்மா என்றேன். தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றுகிறது. காற்று சட்டையை அசைக்கிறது, சட்டை இடது விலாவில் படுகிறது, பட்ட இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோல ஒரு இழுப்பு. அதனால் இடது கையால் சட்டையைச் சிட்டிகை பிடித்து, உடம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். விசிறியை நிறுத்தச் சொல்லலாம். பங்குனி வெயில். வாசலில் ஐந்து பேர் வேர்வையோடு நிற்கிறார்கள். இவனுக்கு ஒருத்தனுக்காகவா என்று அவர்கள் நினைப்பார்கள். இந்த விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியில்தான் இருபது நாளில் பதினாறு நாள் எனக்கு இடம் கிடைத்தது. பதினாறு நாளும் சொல்லவில்லை. இருபத்தொன்பது.

வலி பத்துக்கு எத்தனை என்று பெனிட்டா வந்ததும் கேட்பாள். அதில் மட்டும் நான் இம்மியும் பிசகியதில்லை. பதினேழு நாள் எட்டு, இரண்டு நாள் ஒன்பது. ஒரு நாள் எட்டரை என்றேன். "அரையெல்லாம் இந்தத் தாள்ல கிடையாது தாத்தா, எட்டா ஒன்பதா?" என்றாள். அன்றைக்கு அரை நிமிடம் கண்ணை மூடி விலாவைக் கேட்டுப் பார்த்துத்தான் எட்டு என்றேன். இன்றைக்கும் எட்டு. ஆகப் பதினெட்டு எட்டு. அதை எழுதும்போது அந்தப் பிள்ளையின் முகம் வாடியது. என் மேல் இரக்கமா, அவள் செய்த வேலை பலிக்கவில்லை என்ற வருத்தமா தெரியாது. இந்த எரிச்சல் விலாவில் வந்தது அக்கியில். கார்த்திகை மாசம், மழை பிடித்திருந்தது, இடது மார்புக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குக் கொப்புளம் கோத்து, முதுகு வரை அரைப் பட்டை போட்டதுபோல வந்தது. எங்கள் பக்கம் அக்கி என்றால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, பானை வனையும் வேளார் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் காவிக்கல்லை உரசிக் குழைத்து, கோழி இறகால் என் விலாவில் அக்கி இறங்க ஒரு சிங்கம் எழுதினார். கெட்டிக்கார மனிதர், காசு வாங்கமாட்டார். மூன்று நாள் மூன்று சிங்கம். மூன்றாவது நாள், "எரிச்சல் அடங்கிச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார். மழையில் வேலையைப் போட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்தவர். அடங்கிச்சு என்றேன். அடங்கவில்லை. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, சிங்கமும் கழுவிப் போனது, எரிச்சல் மட்டும் நின்றுவிட்டது. எட்டாம் நாள் பெரிய டாக்டரிடம் போனபோது, "மொத மூணு நாளுக்குள்ள வந்திருக்கணும்" என்றார். மூன்று நாள். நான் சிங்கம் எழுதிக்கொண்ட அதே மூன்று நாள். அதற்குப் பிறகு மாத்திரை, மாத்திரையைக் கூட்டினால் தலை சுற்றல், குளியலறையில் இரண்டு முறை விழுந்து ஏழு தையல், மாத்திரையைக் குறைத்தால் மறுபடி இஸ்திரிப் பெட்டி. முதுகில் ஊசி இரண்டு. பிறகுதான் இந்தக் காது. மூளையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு பெரிய நரம்பு ஓடுகிறதாம், அதன் ஒரு கிளை காதுக்குழிக்கு மேலே கிண்ணம்போலப் பள்ளமாக இருக்கும் இடத்தில் தோலுக்கு வெகு பக்கத்தில் வந்து போகிறதாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், அந்த இடத்தில் உப்புத் தண்ணீர்ப் பஞ்சால் துடைத்து, கிளிப்பை மாட்டி, துளி கரண்டு விட்டால், அது கிளை வழியாகப் போய் மெயின் லைனில் ஏறி மூளையிடம் சமாதானம் பேசுமாம். மெயின் லைன் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் இருந்தவனுக்கு எல்லாம் தண்டவாளமாகத்தான் புரியும். இருபத்தாறு.

பக்கத்து நாற்காலியில் ஒரு முஸ்லிம் பாயைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறாள் பெனிட்டா. தடித்த உடம்பு, வலது தாடையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருக்கிறார். இதுவரை என் நேரத்தில் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. இன்று வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போகணும், முன்னால விடு தாயி என்று கேட்டு வந்திருக்கிறார். என் பக்கம் திரும்பி, "அஸ்ஸலாமு... அடடே, வணக்கம் அண்ணாச்சி. காஜா மைதீன். பிரியாணி மாஸ்டர். ஐநூறு பேருக்கு ஆக்கிப் போடுவேன், ஒரு வாய் மெல்ல முடியாது. அல்லாவோட வேடிக்கையப் பாத்தீரா?" என்றார். நான் சிரித்தேன். சிரித்தால் விலா அசையும் என்பதால் உதட்டால் மட்டும். பெனிட்டா அவர் காதைத் துடைத்து கிளிப்பை மாட்டுகிறாள். "சொல்லுங்க பாய், தெரியுதா?" "தெரியல." "இப்ப?" "தெரியல தாயி." "பத்துல வச்சிருக்கேன். இப்ப?" "இன்னும் ஏத்து." "பதினாலு." "எங்க, உன் மிஷின்ல கரண்டு இருக்கா, கட் ஆயிட்டா?" அவள் சிரிக்கிறாள். வாசலில் நிற்கிறவர்களும் சிரிக்கிறார்கள். யாருக்கும் அவசரம்போலத் தெரியவில்லை. "பதினெட்டு." "ஆங். வந்துட்டு, வந்துட்டு. காதுக்குள்ள ஆளு வந்து சொரண்டுதான்." "நிஜமாத் தெரியுதுல்லா பாய்? சும்மா சொல்லக் கூடாது. தெரிஞ்சாத்தான் பலன். தெரியலைன்னா அரைமணி நேரம் சும்மா காத்து வாங்கிட்டுப் போறதுதான்." அவள் போய்விட்டாள். பாய் என் பெட்டியை எட்டிப் பார்த்தார். "உமக்கு எத்தனைல வச்சிருக்கு?" "ஆறு," என்றேன். "ஆறா! உமக்குப் பட்டுத் தோலு அண்ணாச்சி. எனக்கு எருமை." அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. தெரிஞ்சாத்தான் பலன். தெரியலைன்னா காத்து வாங்கிட்டுப் போறது. என் காதில் ஒன்றும் இல்லை. கிளிப்பின் கனம் இருக்கிறது, உப்புத் தண்ணீரின் ஈரம் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. இன்றைக்கு இல்லை, நேற்று இல்லை, முதல் நாள் இல்லை. இருபத்துநான்கு.

முதல் நாளை எடுத்துப் பார்க்கிறேன். அன்றும் வாசலில் ஐந்து பேர். ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு, குழந்தை விடாமல் அழுகிறது. பெனிட்டா நின்றபடியே வேலை செய்கிறாள், காலையில் சாப்பிடாத முகம். "எறும்பு ஊருற மாதிரி இருக்கும் தாத்தா, தெரிஞ்ச உடனே சொல்லுங்க." இரண்டு. தெரியுதா? நான்கு. தெரியுதா? எறும்பு என்றால் எந்த எறும்பு, கட்டெறும்பா பிள்ளையார் எறும்பா, அதைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறு. "தாத்தா, தெரியுதா இல்லையா?" குரலில் ஒரு சுருக்கு. அந்தக் குழந்தையின் அழுகை. தெரியுது என்றேன். அவள் தாளில் ஆறு என்று எழுதினாள். அந்த நொடியில் எனக்கு அது பொய்யாகவே படவில்லை. தெரியாமல் இருப்பதுதான் தெரிவது போலும், நமக்குத்தான் புரியவில்லை, படித்த பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்தேன். மறுநாள் தாளைப் பார்த்து, "ஆறுதானே தாத்தா?" என்றாள். தலையை ஆட்டினேன். அதற்கு மறுநாளும். இன்று காலையும். ஒரு பொய், பத்தொன்பது தலையாட்டல். இருபது அரைமணி, பத்து மணி நேரம். பத்து மணி நேரம் காதில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு காற்று வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளில் என்ன இருக்கும் இப்போது? கரண்டு தெரிந்தது, வலி குறையவில்லை. இதைப் பார்க்கிற டாக்டரம்மா என்ன சொல்வாள்? இவருக்கு இது கேட்கவில்லை என்பாள். நியாயம்தானே. கேட்கவே இல்லையே, அதனிடம் நான் ஒன்றும் சொல்லவே இல்லையே. மருந்தைக் குடிக்காமல் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்து, மருந்து பலிக்கவில்லை என்றவன் நான். பதினொன்றரைக்கு அவள் பார்ப்பாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால் ஆகப் பதினோரு நிமிடம் இருக்கிறது. கூப்பிடு. பெனிட்டா அந்த ஓர மேசையில்தான் இருக்கிறாள். எட்டுக் காலடி தூரம் இருக்கும். பாப்பா என்று ஒரு சொல். என்னவென்று சொல்வது? இருபது நாளாகத் தெரியாததைத் தெரியுது என்றேன் என்றா? அறுபத்தெட்டு வயது. அவள் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நாள்தோறும் அவள் கையெழுத்து, அதில் பொய்யை எழுதவைத்தது நான். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தால்? இருபது.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. அதுதான் உள்ளே போய்க் குத்துகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் அடிப்பார், வண்டி வருகிறது என்பார். நான் கேட்டை இரண்டு பக்கமும் இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, திரும்ப வந்து போனை எடுத்து, பூட்டியாச்சு என்பதற்கு அடையாளமாக ஒரு எண்ணைச் சொல்லவேண்டும். அந்த எண் போனால்தான் வண்டிக்கு வழிவிட்டு சிக்னல் விழும். பூட்டுவதற்கு முன்னாலேயே எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாகப் பூட்டுகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு அது முடியாது. ஒரு தடவை கல்யாண வேன் வந்து நின்றது, முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி என்று பெண்ணின் தகப்பனார் இறங்கி வந்து கை கூப்பினார். வேனுக்குள்ளிருந்து ஒரு பையன், "யோவ், நீ தாலி கட்டப் போறியா, திறயேன்யா!" என்று கத்தினான். சரக்கு வண்டி, நாற்பத்திரண்டு பெட்டி, கடைசிப் பெட்டியின் குறியைப் பார்த்து, போன் வந்து, பிறகுதான் திறந்தேன். பதினொரு நிமிடம். அவ்வளவு பேர் வைதார்கள், என் கை பூட்டுப் பக்கம் போகவில்லை. இங்கே ஒரு குழந்தை அழுததற்குப் பூட்டாத கேட்டுக்கு எண் கொடுத்துவிட்டேன். அங்கே எனக்குப் பின்னால் சட்டப் புத்தகம் இருந்தது. என்னைக் கேட்காதே, புத்தகத்தைக் கேள் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே என் காதுக்குள் என்ன இருக்கிறது என்பதை என்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? அதுதான் வேர்க்கிறது. எனக்கு எனக்காக ஒன்றைச் சொல்ல வராது. பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். ஒருநாள் வாத்தியார் வராண்டாவில் உட்காரச் சொன்னவர் மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டார், மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிரமு இதைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிரமு என் மனைவி. வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு. ஆறு பத்து பஸ்ஸுக்காக இருபது நாளும் நாலரைக்கு எழுந்து சோறு கட்டினாள். பஸ்ஸில் என் இடது பக்கம் யாரும் உரசக்கூடாது என்று அவள்தான் அந்தப் பக்கம் நிற்பாள், உட்கார இடம் இருந்தாலும் நிற்பாள். அவளிடம் என்ன சொல்வேன்? இருபது நாளும் வீண் என்றா? சட்டையைப் பிடித்த விரல்கள் மரத்துவிட்டன. விரலை மாற்றினேன். அந்த ஒரு கணத்தில் சட்டை பட்டுவிட்டது. அம்மா. பல்லைக் கடித்தேன். எட்டு இல்லை, இப்போது ஒன்பது. பதினாறு.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன். கீ என்ற சத்தம் வரும். கிளிப்பு கழலும். டாக்டரம்மா தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். ஆறு பத்து பஸ் இனிக் கிடையாது. கடம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, வீட்டிலிருந்து தண்டவாளம் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அதை நான் ஏன் எண்ணினேன் என்று யாரும் கேட்டதில்லை. போன ஆவணியில் ஒரு மத்தியானம் எண்ணினேன். அன்று ஒன்பதரை இருந்தது, தாளில் எழுத இடமில்லாத அரை. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. கேட்டில் இருந்த காலத்தில் அப்படி வந்தவர்களை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், பிறகு ஒரு மாதம் சோறு இறங்காது, அப்படி ஒரு வேலையை இன்னொரு கேட் கீப்பருக்கு வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டேதான் நடந்தேன், கேட்டுக்கொண்டே கால் போகிறது, கேள்வி ஒரு பக்கம் போகிறது கால் ஒரு பக்கம் போகிறது. நூற்று நாற்பதாவது எட்டில் பின்னாலிருந்து பிரமுவின் குரல். "ஏங்க, காஸ் வந்திருக்கு, வந்து சிலிண்டரைப் பிடியுங்க, அவன் வாசல்ல வச்சிட்டுப் போயிருதாம்லா!" திரும்பி வந்தேன். சிலிண்டரைத் தூக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் மத்தியானம் தூங்குவதில்லை. வாசற்படியில் அரிசி பொறுக்குகிறாள், பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்குகிறாள். எனக்கு என்னிடம்தான் பயம். இருநூற்றுப் பன்னிரண்டு என்பது ஒரு எண்தான், எண்கள் எனக்கு வேண்டியவை, ஆனால் அந்த எண்ணை மட்டும் மறக்க முடிந்தால் நன்றாயிருக்கும். பதினொன்று. காலடிச் சத்தம். பெனிட்டா வருகிறாள். இதோ, கூப்பிடவே வேண்டாம், அவளே வருகிறாள், என் நாற்காலிக்கு முன்னால் நின்று பெட்டியைக் குனிந்து பார்க்கிறாள். "எல்லாம் சரியா இருக்கா தாத்தா?" வாய் திறந்தது. உள்ளே அத்தனை சொல்லும் வரிசையாக நின்றன. பெனிட்டா என் கண்ணைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "குட்," என்று போய்விட்டாள்.

இருபதாவது தலையாட்டல். அட பாவி. அட பாவி, சிவனணைந்தபெருமாள். இவ்வளவு நீளப் பெயரை அப்பா வைத்தார், ஆஸ்பத்திரித் தாளில் கட்டம் போதாமல் பெருமாள் என்று மட்டும் எழுதினார்கள், அதையும் நான் திருத்தச் சொல்லவில்லை. என்னில் பாதிதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. தலை தானாக ஆடுகிறது, யாரோ கயிற்றைக் கட்டி இழுப்பதுபோல. காஜா மைதீன் பாய் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன அண்ணாச்சி, வேர்த்துக் கொட்டுது? விசிறிக்குக் கீழதான இருக்கீரு?" ஒன்றுமில்லை என்று சொல்லப் போனேன். அதுவும் வாய்வரை வந்துவிட்டது, ஒன்றுமில்லை பாய், சும்மாதான் பாய். ஒன்பது. எட்டு. ஒன்றுமில்லை என்பதைத்தானே இத்தனை நாளும் எல்லாரிடமும் சொன்னேன், வேளாரிடம், பெனிட்டாவிடம், சிலிண்டர்க்காரன் முன்னால் பிரமுவிடம். எல்லாரும் நிம்மதியாகப் போனார்கள். நான் மட்டும் எரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு. "பாய்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியல பாய். காதுல. மொத நாள்ல இருந்தே." அவர் தாடையைத் தாங்கிய கையை எடுத்துவிட்டார். "என்னது? பொறவு எதுக்குவே இருபது நாளு ஒக்காந்திருந்தீரு?" பிறகு எனக்காகக் காத்திருக்கவில்லை, அண்டா அருகில் நின்று கத்திப் பழகிய தொண்டை, "ஏ தாயி! இங்க வா! அண்ணாச்சிக்குக் கரண்டே வரலியாம்!" என்றார். வாசலில் நின்ற ஐந்து தலையும் உள்ளே திரும்பின.

பெனிட்டா ஓடிவந்தாள். வயரை இழுத்துப் பார்த்தாள், கிளிப்பை அழுத்திப் பார்த்தாள். "மிஷின் மேல குறையில்லை பாப்பா," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. தரையில் எனக்கு முன்னால் ஒன்பது ஓடு இருந்தது. "மொத நாளு ஆறுல தெரியுதான்னு கேட்டியள்லா. தெரியல. தெரியுதுன்னுட்டேன்." "ஏன் தாத்தா?" "நிறைய பேரு நின்னாங்க. பச்சப்புள்ள அழுதுது." நிமிர்ந்து பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். வாயில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இருபது ஆறு, இருபது கையெழுத்து. "நானும் மறுபடி கேக்கலையே. தினம் கேட்டிருக்கணும் தாத்தா. ஆறுதானேன்னு நானே சொல்லிட்டேன்." அதற்குள் பாயின் குரல் கேட்டு பிரமு நொண்டிக்கொண்டே வந்துவிட்டாள். விஷயத்தைப் பெனிட்டாதான் சொன்னாள். பிரமு என்னைப் பார்த்தாள், அவ்வளவு பேருக்கு முன்னால், "தெரியலைன்னு ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைங்க. கேட்டுக்காரரு, மந்திரி வந்தாலும் திறக்கமாட்டாருன்னு ஊரெல்லாம் பேரு. எம்புட்டு நாளு இந்த முட்டியத் தூக்கிட்டு வந்தேன், உள்ள நீங்க பொம்மையாட்டம் இருந்துருக்கிய," என்றவள் நிறுத்தினாள். அவள் உதடு கோணியது. "இதையும் சொல்லாம இருந்திருந்தியன்னா நான் என்ன செய்வேன்? எத்தனைதான் நானா கண்டுபிடிக்க?" நான் மறைத்ததில் எதை என்று அவள் சொல்லவில்லை. அந்த ஆவணி மத்தியானமாகத்தான் இருக்கவேண்டும். "டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்," என்றாள் பெனிட்டா, பிறகு, "இல்ல தாத்தா, நீங்கதான் சொல்லணும். இன்னும் இருபது நாள் கொடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னைக்காவது சரியா ஒண்ணு எழுதணும் நான்." நான்கு நிமிடம் இருந்தது. அவள் பொத்தானை அழுத்திக் கரண்டை ஏற்றினாள். ஏழு. தெரியுதா? இல்லை. எட்டு. இல்லை. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தொண்டையில் மீன்முள்போல நின்று நின்று வந்தது. பத்து. இல்லை. பன்னிரண்டு. இல்லை. பதினைந்து. வாசலில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இல்லை. பதினேழு. இல்லை. பதினெட்டு, பாய்க்கு வந்த எண், அவர் என்னையே பார்த்தார், ஆம் என்று சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம். இல்லை என்றேன். இருபத்தொன்றில் காதின் அந்தப் பள்ளத்தில் ஒன்று துடித்தது. மிகச் சிறியது. தூரத்து வண்டி தண்டவாளத்தில் வருவதுபோல இல்லை, வேறு எதுபோலவும் இல்லை, நான் இதுவரை அறியாதது. விலாவில் வலி அப்படியேதான் இருந்தது. "இப்ப தெரியுது," என்றேன். பெனிட்டா நம்பவில்லை. எப்படி நம்புவாள்? "இப்ப உங்க வார்த்தைய நான் எழுதமாட்டேன் தாத்தா. கோவிச்சுக்காதீங்க." பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டாள். "நான் நிறுத்துவேன், போடுவேன். எதுன்னு சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும்." விரல் அசைந்தது. "இப்ப?" இல்லை என்றேன். "இப்ப?" இருக்கு. "இப்ப?" இருக்கு. மூன்றும் சரி என்று அவள் முகம் சொல்லிவிட்டது, வாய் சொல்லவில்லை. பிரமு சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் ஆள், பெருமாள் யாரு, பெருமாள் வாங்க என்று கூப்பிட்டான். மறுபடி விரல் அசைந்தது. "இப்ப தாத்தா?" துடிக்கிறதுபோலவும் இருந்தது, முந்தின துடிப்பின் மிச்சம்போலவும் இருந்தது. வாசலில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பெருமாள், பெருமாள் என்று மறுபடி கூப்பிட்டான். "கொஞ்சம் பொறு பாப்பா," என்றேன், அவனுக்கும் சேர்த்துக் கேட்கும்படியாக. "எல்லாரும் பொறுங்க. அந்த விசிறியையும் நிறுத்துங்க. எனக்கு இன்னும் நிச்சயமாகல."